இரண்டு பட்டங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

'பட்டம்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பல. அவற்றுள் இரண்டு எங்கள் குடும்பத்திற்கு மிகவும் வேண்டியவை. ஒன்று பல்கலைக்கழகம் கொடுப்பது. மற்றொன்று பருவம் கொடுப்பது. பல்கலைக்கழகப் பட்டத்தில் ஒரு தாள் தவறினால் அடுத்த தேர்வில் எழுதிக் கொள்ளலாம். ஆடிப்பட்டமும் புரட்டாசிப்பட்டமும் அப்படியல்ல. தவறவிட்டால் ஓராண்டு உழைப்புப் போயிற்று. முதல் வகைப் பட்டத்தை நாடி எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் ஆள் நான். இரண்டாம் வகைப் பட்டத்தை அறிந்த கடைசி ஆளாகவும் நானே ஆகிவிடக் கூடாதே என்ற கவலையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இந்தக் கவலை எனக்கு மட்டும் உரியதன்று. நம் வகுப்பறைகளில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வருவோர் எத்தனை பேர்! அவர்களுள் பலருடைய வீட்டில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ மானாவாரி நிலம் இருக்கிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஓர் உழவர் குடும்பம் வைத்திருக்கும் நிலத்தின் சராசரி அளவே 0.75 எக்டேர்தான், இரண்டு ஏக்கர்கூட நிறையவில்லை. அந்தச் சிறு துண்டை என்ன செய்வது? விற்பதா, தரிசாகப் போடுவதா, அல்லது வேறு வழி உண்டா? உண்டு என்பது என் கருத்து. ஆனால் அந்த வழியைப் பற்றி நகரத்தில் பேசப்படும் இனிப்பான பேச்சு முழுவதையும் நம்பிவிடக் கூடாது என்பதும் என் கருத்தே.

கல்லுப்பட்டியில் இருந்த மனிதர்

'பெர்மாகல்ச்சர்' என்ற சொல் இன்று பெரிதும் அடிபடுகிறது. நிலைத்த வேளாண்மை என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். 1978-இல் வெளிவந்த ஒரு நூலின் வழியாக இச்சொல் பரவியது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியத் தீவில் வாழ்ந்த இருவர் அதை எழுதினர். ஒருவர் பில் மொல்லிசன் என்னும் ஆசிரியர். மற்றவர் டேவிட் ஹோம்கிரன் என்னும் மாணவர். ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் பேசிப் பேசி உருவாக்கிய கருத்து என்பதை நம் கல்லூரியில் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும்.

காட்டை யாரும் உழுவதில்லை. யாரும் நீர் பாய்ச்சி உரமிடுவதில்லை. ஆயினும் அது ஆண்டுதோறும் தழைக்கிறது. உதிர்ந்த இலை மண்ணாகிறது. உயர்ந்த மரம் தாழ்ந்த செடிக்கு நிழலாகிறது. அந்த ஒழுங்கை உணவு தரும் நிலத்திலும் அமைக்கலாகாதா என்று அவர்கள் கேட்டனர். மண்ணைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுந்ததைப் பகிர்தல் என்ற மூன்றை அறமாக வைத்தனர். மொல்லிசன் 1987-இல் இந்தியாவுக்கே வந்து பயிற்சி அளித்தார். 2017-இல் இத்துறையின் உலக மாநாடு ஹைதராபாத்தில் நடைபெற்றது.

ஆனால் இக்கருத்தின் வேர் ஒன்று மதுரை மண்ணிலும் இருக்கிறது. காந்தியடிகளின் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா 1945-இல் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய தம் நூலை எழுதினார். நிலக்கரி, எண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். மரமும் பயிரும் கால்நடையும் ஆண்டுதோறும் பெருகி வரும் ஓட்டம். தேக்கத்தை நம்பிய வாழ்வு சண்டையில் முடியும். ஓட்டத்தை நம்பிய வாழ்வே நிலைக்கும் என்பது அவர் வாதம். இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் உயர்கல்வியும் பெற்ற அந்த மனிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடம் நம் மாவட்டத்து தே. கல்லுப்பட்டி, காந்தி நிகேதன் ஆசிரமம். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார். கல்லுப்பட்டி வழியாக நாள்தோறும் பேருந்தில் வரும் நம் மாணவர்களுள் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

பின்னர் வந்தவர் கோ. நம்மாழ்வார். வேளாண்மையில் பட்டம் பெற்று, 1960-களில் கோவில்பட்டி அரசு ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, அங்கு நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி உழவனுக்குப் பயன்படவில்லை என்று கருதி வேலையை விட்டு வந்தவர். 2009-இல் கரூர் மாவட்டம் கடவூரில் வறண்ட நிலத்தில் 'வானகம்' பண்ணையைத் தொடங்கினார். 2013 டிசம்பரில் காவிரிப் படுகையின் மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் பயணம் செய்துகொண்டிருந்தபோதே மறைந்தார். கடவூரின் வறட்சி நம் மதுரை மேட்டு நிலங்களின் வறட்சியே. ஆகவே அங்கு முடிந்தது இங்கும் முயலத்தக்கது.

முதலில் தண்ணீர்

நூலில் உள்ளதை அப்படியே எடுத்து நடுவது நமக்குச் சரிப்படாது. தாஸ்மானியா குளிர்நாடு. அங்கு வெயிலைத் தேடிச் செடி வைக்க வேண்டும். இங்கு நிழலைத் தேட வேண்டும். மதுரைக்கு நேர் தலைக்கு மேல் சூரியன் ஆண்டில் இருமுறை வருகிறது: ஒன்று சித்திரை பிறக்கும்போது, மற்றொன்று ஆவணியில். குளிர்நாட்டார் மண்ணை மேடாக்கிப் பயிரிடுவர். நம் கோடையில் மேட்டுப் பாத்தி அடுப்பில் வைத்த சட்டிபோல் காய்ந்துவிடும். நமக்கு வேண்டியது தாழ்ந்த பாத்தி. நம் பாட்டன்மார் வெட்டிய பாத்தியும் அதுவே.

மதுரையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். இது குறைவு என்று எண்ணுகிறோம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 850 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 34 லட்சம் லிட்டர் தண்ணீர்! இத்தனையும் நம் வயலின்மேல் இலவசமாக வந்து விழுகிறது. துன்பம் என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஓடுகிற தண்ணீரை நடக்க வைக்க வேண்டும்; நடக்கிற தண்ணீரை நிற்க வைக்க வேண்டும். பண்ணை தொடங்குவோன் முதல் ஆண்டில் செய்ய வேண்டிய வேலை இதுதான். நாற்றுப் பண்ணைக்கு ஓடி மரக்கன்று வாங்குவது பிறகு.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். இரண்டு நீளக் கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒரு கம்பு வைத்து, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிட்டால் சமமட்டம் பார்க்கும் கருவி தயார். அதை நிலத்தில் நடத்திக் கொண்டே போனால் எந்தெந்தப் புள்ளிகள் ஒரே உயரத்தில் உள்ளன என்று தெரியும். அந்தக் கோட்டிலேயே வரப்பும், வரப்பின் மேட்டுப் பக்கத்தில் ஆழமில்லாத வாய்க்காலும் அமைத்தால் மழைநீர் ஓடாமல் அங்கேயே இறங்கும். நிலத்தின் பள்ளமான மூலையில் 30 அடி நீளம், 30 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு குட்டை. இடம் இரண்டு சென்ட்தான் போகும். கொள்ளளவோ ஒன்றரை லட்சம் லிட்டர். 50 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்து, ஓர் ஏக்கரில் விழுந்ததில் மூன்றில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் சுமார் 67,000 லிட்டர் சேரும். அத்தகைய மழை இரண்டு மூன்று பெய்தால் குட்டை நிரம்பிவிடும்.

இதையெல்லாம் புதுமை என்று எண்ண வேண்டாம். கண்மாய், வரத்துக்கால், மடை, கலுங்கு, ஊருணி என்று மதுரைச் சீமை முழுவதும் நம் முன்னோர் ஊர் அளவில் செய்து வைத்ததையே நாம் வயல் அளவில் செய்கிறோம். கண்மாய் நிரம்பினால் நம் குட்டையிலும் ஊற்று வரும். கண்மாய் செத்தால் நம் குட்டை மட்டும் பிழைக்காது. ஆகவே சொந்த நிலத்தில் மட்டும் மண்வெட்டி பிடித்து, ஊர் வரத்துக்கால் அடைபட்டுக் கிடப்பதைப் பாராமுகமாக இருப்பவனை நான் நல்ல உழவன் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு மண்

வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று முதலாண்டில் படித்தோம். இந்த விதிக்கு நம் வயலே ஆய்வுக்கூடம். குளிர்நாட்டில் மண்ணிலிட்ட மக்கு பல்லாண்டு தங்கும். நம் வெயிலில் விரைவில் எரிந்து காற்றோடு போய்விடும். எனவே வெப்ப நாட்டில் மண்ணை ஒரு நாளும் வெறுமையாக விடக் கூடாது. மேலே மூடாக்கு எப்போதும் இருக்க வேண்டும். சோளத்தட்டை, கடலைத்தோல், களைச்செடி, வேலியோரத் தழை எதுவாயினும் சரி. வைக்கோலிலும் தட்டையிலும் கார்பன் மிகுதி, தழைச்சத்துக் குறைவு. பச்சைத் தழையும் சாணமும் சேர்த்து அந்த விகிதத்தை 25 அல்லது 30-க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் மக்குதல் சீராக நடக்கும். கோடையில் ஆட்டுக்கிடை போடுவதும், கண்மாயின் கரம்பை மண்ணை வண்டியில் அடிப்பதும் நம் ஊரார் அறிந்த வழிகள். 2024-இல் தமிழக அரசு வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று உழவர்கள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக் கொள்ள வழி செய்தது. இதை நம் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதும் படித்தவன் கடமையன்றோ?

ஆடிக்காற்று மேற்கு மலையைத் தாண்டி ஈரமின்றி வந்து, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக் கொண்டு போகும். அதனால் மேற்கிலும் தென்மேற்கிலும் காற்றுத் தடுப்பு வேண்டும். கிளுவைப் போத்துகளை ஊன்றிய உயிர்வேலி, அதையொட்டி வேம்பும் புங்கனும், இடையிடையே பனை. உள்ளே முருங்கை, அகத்தி, சீத்தா, நெல்லி. அவற்றின் நடுவே நிலக்கடலையும் துவரையும், ஓரத்தில் ஆமணக்கும், ஊடே தட்டைப்பயறும். வீட்டருகே குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை. அடிக்கடி கை வைக்க வேண்டியதை வாசலுக்கு அருகிலும், ஆண்டுக்கொரு முறை பார்ப்பதைத் தொலைவிலும் வை என்பது மொல்லிசன் வகுத்த மண்டல முறை. கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலையும் காட்டில் துவரையும் வைத்த நம் அம்மாச்சிகளுக்கு அதை யாரும் பாடமாக நடத்தவில்லை.

அம்மா கேட்ட கேள்வி

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் 60 சென்ட் மானாவாரி நிலம் உண்டு. அப்பா அதில் விதைத்துவிட்டு, மற்ற நாட்களில் மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். எங்கள் நிலத்துக்குப் பக்கத்திலேயே வண்ணக் கொடி கட்டி மனை பிரிக்கிறார்கள். தரகர் இருமுறை வந்து விலை பேசிவிட்டுப் போனார். "காட்டை வித்தாவது உன்னை மேல படிக்க வைக்கிறேன்" என்கிறார் அப்பா. அவர் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார். கேட்கும் எனக்குத்தான் தொண்டை அடைக்கிறது. ஒரு பட்டத்தை விற்று இன்னொரு பட்டம் வாங்குவதா?

நான் மேலே சொன்ன திட்டத்தையெல்லாம் வீட்டில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணு வருசம் மரம் வளரணும்ங்கிற. அதுவரைக்கும் உலையில எதைப் போடுறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்த வேளாண்மையும் ஏழை வீட்டுக்கு உதவாது. பல ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்திப் பயிற்சிக்குப் போய், ஓய்வூதியத்தில் நிலம் வாங்குவோர்க்கு மூன்றாண்டு காத்திருத்தல் ஒரு பொழுதுபோக்கு. எங்களுக்கு அது பட்டினி. எனவே நான் கண்ட விடை இதுதான்: முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்றாதே, பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்று. 60 சென்டில் ஆறு சென்ட். குட்டையும் வேலியும் முதல் ஆண்டு. மற்ற இடத்தில் வழக்கமான கடலையும் துவரையும் தொடரட்டும். ஆறு சென்டில் முருங்கையும் கீரையும் அவரையும் முதல் ஆண்டிலேயே குழம்புக்கு வரும்; கடைக்குப் போகும் காசு மிஞ்சும். அந்த ஆறு சென்ட் தன் செலவைத் தானே தாங்கிய பிறகே அடுத்த ஆறு சென்ட். அப்பாவின் கூலி வேலையும் அதுவரை நிற்க வேண்டியதில்லை. மெதுவாகப் போகும் வழிதான்; ஆனால் விழாமல் போகலாம். அம்மா இதற்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆறு சென்ட் எந்த மூலையில் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இரசாயனம் பகையா?

வேதியியல் படிப்பவன் இயற்கை வேளாண்மை பேசலாமா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. தண்ணீரும் ஒரு வேதிப்பொருள்தான் என்பேன். ஹேபர் முறையில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிணைக்க 400 முதல் 500 பாகை வெப்பமும் சுமார் 200 மடங்கு காற்றழுத்தமும் வேண்டும். 1913-இல் ஜெர்மனியில் தொடங்கிய அந்தத் தொழில் கோடிக்கணக்கானோர்க்குச் சோறிட்டது; அதை இழித்துப் பேசுதல் நன்றியன்று. ஆனால் அதே பிணைப்பைத் தட்டைப்பயற்றின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர், கொதிகலனும் கரண்டும் இன்றி, மண்ணின் வெப்பத்திலேயே முறிக்கிறது. இரண்டும் வேதியியலே. 60 சென்ட் உழவனுக்கு எது கட்டுபடியாகும் என்பதே கேள்வி.

அவசரத்தின் விலையையும் மறக்கலாகாது. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. உழவர்களுக்கு மாற்று உரமும் இல்லை, பழகக் காலமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. அந்த ஆண்டு முடியுமுன்பே தடை தளர்த்தப்பட்டது. மண் பழக ஆண்டுகள் வேண்டும். மனிதர் பழக அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதேபோல், இன்ன கரைசலைத் தெளித்தால் எல்லாம் விளையும் என்று மேடையில் சொல்பவர்களையும் நான் அப்படியே ஏற்பதில்லை. அளந்து பார்த்து நம்புவோம். அதற்குத்தானே நமக்கு ஆய்வகம்?

நிலமில்லாதவர்க்கு என்ன?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். நிலைத்த வேளாண்மை நிலைத்த நிலத்தைக் கேட்கிறது. வாய்ப்பேச்சில் ஓராண்டுக் குத்தகைக்கு உழுபவன் நெல்லி மரம் வைப்பானா? அடுத்த ஆண்டு யார் கையில் நிலம் இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது. கூலி உழைப்பே வாழ்வாக உள்ள குடும்பங்களிலிருந்து நம்முடன் படிக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் 60 சென்டே பெரிய செல்வம். குத்தகைக்காரனுக்கு எழுத்தில் சில ஆண்டு உறுதியும், மரத்தின் பலனில் பங்கும் கிடைக்காதவரை, மிகுந்ததைப் பகிர்தல் என்ற அந்த மூன்றாவது அறம் ஏட்டில்தான் இருக்கும். இதைப் பேசாமல் மரம் நடு விழா மட்டும் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.

நிலம் உயிரோடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியே சான்று. 2022 நவம்பரில் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது மக்கள் எழுந்தனர். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. அந்த ஊராருக்குத் தம் சுனைகளையும் கண்மாய்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்திருந்தது. பயிர் நிற்கும் நிலத்துக்குப் பரிந்து பேச ஆள் வருவார்கள். தரிசாய்க் கிடக்கும் காட்டுக்குத் தரகரைத் தவிர யார் வருவார்?

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களிடமும் சக மாணவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கல்லூரி வளாகத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் இடத்தில் பத்து சென்ட் மட்டும் தாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் களையெடுக்கட்டும். இயற்பியல் துறை மழைமானி வைத்து அளக்கட்டும். வேதியியல் துறை மண்ணின் கார அமிலத் தன்மையையும், கெல்டால் முறையில் தழைச்சத்தையும் ஆண்டுக்கிருமுறை பார்க்கட்டும். விலங்கியல் துறை ஒரு சதுர அடியில் மண்புழு எத்தனை என்று எண்ணட்டும். தாவரவியல் துறை விதை காக்கட்டும். தமிழ்த்துறை நம் பாட்டிமாரிடம் கேட்டு அவ்விதைகளின் பெயரைக் காக்கட்டும். பொருளியல் துறை வரவு செலவு எழுதி, நட்டமேயானாலும் மறைக்காமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஏனெனில் எங்கள் வீடுகளில் நம்பப்படுவது அந்தக் கணக்கு ஒன்றே. ஆறு சென்டை மாற்றத் தயங்கும் ஒரு தாய்க்குக் காட்ட, அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாண்டில் ஒரு நெல்லி காய்க்கத் தொடங்கும். மூன்றாண்டில் ஒரு மாணவன் பட்டம் பெறுவான். இவ்வாண்டு நாம் வைப்பதை அடுத்து வருவோர் பறிப்பர். நான் இறுதியாண்டு முடிப்பதற்குள் குட்டை வெட்டி, வேலி ஊன்றி, முதல் துவரையை அறுத்துவிடலாம். கண்மாய்க் கரம்பை எடுக்க ஏற்ற காலம் கோடை. விதைக்க ஏற்ற காலம் ஆடி. ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நாள் இருக்கிறது என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். மண்வெட்டி நான் கொண்டு வருகிறேன்.